ஐந்து மெகாஹெர்ட்ஸ் ப்ரோப்பும் அரை மில்லிமீட்டர் விளிம்பும்

திருவொற்றியூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் யூடி, அதாவது அல்ட்ராசவுண்ட் அனுப்பி உலோகத்துக்குள் குறை தேடும் சோதனை, பார்க்கிற தம்பி கொண்டுவந்து கொடுத்த ப்ரோப் இது. அலையை அனுப்புவதும் திரும்பி வரும் எக்கோவை வாங்குவதும் ப்ரோப்தான். 10 மி.மீ. விட்டம், 5 மெகாஹெர்ட்ஸ், ஒற்றைக் கிரிஸ்டல், நேராகக் கீழே அனுப்புகிற சாதாரண நார்மல் ப்ரோப். "அக்கா, எக்கோ வருது. ஆனா கெயினை ஏத்திக்கிட்டே போக வேண்டியிருக்கு. பீமும் எங்கயோ சாஞ்சு போற மாதிரி இருக்கு" என்றார். முழுசாகச் செத்துப்போன ப்ரோப்பைவிட இப்படி அரை உயிரோடு வருவதைத்தான் நான் ஆசையாக வாங்கி வைப்பேன். செத்தது என்றால் பெரும்பாலும் ஒயர், இல்லாவிட்டால் கனெக்டர். அரை உயிர் என்றால் உள்ளே பார்க்க ஏதோ இருக்கிறது.

முதலில் வி1 பிளாக்கில், அதாவது ப்ரோப்பைச் சரிபார்க்கும் ஸ்டீல் கட்டையில், வைத்துப் பார்த்தேன். 25 மி.மீ. தடிமனில், எதிர்ப்பக்கத்தில் பட்டுத் திரும்பும் முதல் பேக்வால் எக்கோவைத் திரையின் 80 சதவீத உயரத்துக்குக் கொண்டுவர, என்னிடம் இருக்கும் அதே ரக நல்ல ப்ரோப்புக்கு 34 டெசிபல் போதும். இது 52 கேட்டது. 18 டெசிபல் வித்தியாசம் என்றால் எக்கோ எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அப்புறம் பிளாக்கில் இருக்கும் 1.5 மி.மீ. துளையின் மேல் மெதுவாக நகர்த்தி, எக்கோ உச்சத்துக்கு வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். ப்ரோப்பை அரைவட்டம் திருப்பி வைத்து மறுபடி ஒரு கோடு. நல்ல ப்ரோப்பில் இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழும். இதில் கிட்டத்தட்ட 5 மி.மீ. தள்ளி விழுந்தன. ஆக, பீம் சாய்ந்ததைவிட, அது கிளம்பும் இடமே நடுவிலிருந்து ஓரமாகப் போயிருக்கலாம் என்று தோன்றியது.

இந்தக் கட்டத்தில் பலரும் "கிரிஸ்டல் வீக் ஆயிடுச்சு" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். வீக் என்று ஒன்று சும்மா வராது. உடைக்கும் முன்னால் ஒரு எல்சிஆர் மீட்டரை எடுத்துக் கெப்பாசிட்டன்ஸ் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். பல்ஸ் கொடுத்தால் அதிர்ந்து அலையைக் கிளப்பும் இந்த பீசோ கிரிஸ்டல் மின்சாரக் கணக்கில் இரண்டு வெள்ளித் தகட்டுக்கு நடுவே பி.இசட்.டி. பீங்கான் வைத்த ஒரு கெப்பாசிட்டர்தான். 5 மெகாஹெர்ட்ஸுக்குத் தடிமன் சுமார் 0.4 மி.மீ. வரும். ப்ரோப்பில் அதிகம் பயன்படும் மென்ரகப் பீங்கானின் டைஎலெக்ட்ரிக் எண்ணை 1700 என்று வைத்துக்கொண்டால், 10 மி.மீ. விட்டம் முழுக்க இரு பக்கமும் வெள்ளி இருக்கும் தட்டுக்குக் கணக்கு 2.95 நானோஃபாரட். எலெக்ட்ரோடு, அதாவது வெள்ளிப் பூச்சு, அமைந்திருக்கும் விதத்தைப் பொறுத்து 2.4 வரை குறையலாம். என் மீட்டர் 1.2 காட்டியது. ஒரு மீட்டர் கேபிளுக்கு 0.1 கழித்தால் 1.1. பாதிப் பரப்பு சர்க்யூட்டிலேயே இல்லை. பெரும்பாலும் அதற்கு அர்த்தம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. சில ப்ரோப்பில் கிரிஸ்டலுக்கு இணையாக ஒரு சின்னக் காயில் உள்ளேயே இருக்கும். அப்படி இருந்தால் மல்டிமீட்டர் ஷார்ட் என்று சொல்லும், 1 கிலோஹெர்ட்ஸில் எல்சிஆர் மீட்டரும் அபத்தமாக ஏதாவது காட்டும். அதைப் பார்த்து ப்ரோப்பைக் குப்பையில் போட வேண்டாம். இதில் காயில் இல்லை.

பாதிப் பரப்பு போனால் சத்தம் மட்டுமா குறைகிறது? பீமின் வடிவமே மாறுகிறது. ஸ்டீலில் 5 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 1.18 மி.மீ. முழு 10 மி.மீ. வட்டம் வேலை செய்தால், பீம் சீராகும் முன் ஏறி இறங்கும் பகுதியான நியர் ஃபீல்ட் 21 மி.மீ. வரை, பீமின் பாதி விரிகோணம், அதாவது நடுவிலிருந்து சத்தம் முதன்முதலில் பூஜ்யமாகும் இடம் வரைக்கும், 8 டிகிரி சொச்சம். வேலை செய்யும் வட்டம் 6 மி.மீ. ஆகிவிட்டால் நியர் ஃபீல்ட் எட்டு மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும், விரிகோணம் 14 டிகிரியைத் தொடும். ப்ரோப்பின் உடம்பில் 10 மி.மீ. என்றுதான் பொறித்திருக்கும். டெக்னீஷியனும் அதை நம்பித்தான் குறையின் அளவைக் கணக்கிடுவார். எனக்கு இதுதான் உறுத்தும். கிரிஸ்டலின் அளவை வைத்து பீம் வருவதில்லை. இரண்டு முகத்திலும் நேருக்கு நேராக வெள்ளி இருந்து, அந்த வெள்ளிக்கு ஒயர் போய்ச் சேருகிற பரப்பின் அளவை வைத்துத்தான் வருகிறது.

சரி, திறந்தாயிற்று. பின்பக்கக் கனெக்டரைக் கழற்றி, ஹாட் ஏர் கன்னால் உடம்பை லேசாகச் சூடுபண்ணினால் உள்ளே ஊற்றியிருக்கும் எபாக்ஸி இளகும். பின்னாலிருந்து ஒரு கம்பியை வைத்து வைஸில் அழுத்தினால் மொத்தக் கட்டையும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். முன்னால் இருந்த, தேய்மானத்தைத் தாங்கும் வியர் பிளேட்டை பிளேடு நுனியால் நெம்பி எடுத்தேன். வெள்ளி முகம் தெரிந்தது. பார்க்கச் சுத்தமாக இருந்தது. பர்மனன்ட் மார்க்கரால் லேசாகப் பூசி உடனே துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் முடியைவிட மெல்லிய கருப்புக் கோடு ஒன்று ஒரு ஓரத்திலிருந்து கிளம்பிக் குறுக்கே வளைந்து எதிர் ஓரம் வரை போனது. விரிசல். வெறும் கண்ணுக்கு அது இல்லவே இல்லை.

கிரிஸ்டலின் பின்னால் ஒட்டி அதன் அதிர்வைச் சீக்கிரம் அடக்கும் டங்ஸ்டன் எபாக்ஸிக் கட்டைதான் பேக்கிங். அதிலிருந்து கிரிஸ்டலைப் பிரித்தபோது அந்தக் கோட்டிலேயே இரண்டாக வந்தது. பின்முகத்தைப் பார்த்ததும் கதை புரிந்தது. இது சுற்றி மடித்த எலெக்ட்ரோடு. முன்முகத்து வெள்ளியை ஒரு ஓரத்தில் பக்கச்சுவர் வழியாக மேலே ஏற்றிப் பின்முகத்தில் ஒரு சின்ன நாக்காக விட்டிருப்பார்கள். நாக்குக்கும் பின்முகத்து முக்கிய வெள்ளிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் வெற்றுக் கோடு. எர்த் ஒயர் நாக்கில், பல்ஸ் வருகிற ஹாட் ஒயர் மற்றதில். இரண்டு ஒயரும் பின்னாலேயே முடிந்துவிடுவதால் முன்முகம் மட்டமாக இருக்கும், வியர் பிளேட் சீராக ஒட்டும். உற்பத்தி செய்பவருக்கு இதைவிட வசதி இல்லை. விரிசல் கிளம்பிய இடம் சரியாக அந்த நாக்கின் மூலை. பல்ஸ் விழும்போது ஹாட் வெள்ளிக்குக் கீழே இருக்கும் பீங்கான் விரியப் பார்க்கும். நாக்குக்குக் கீழே இரண்டு முகமும் எர்த், அங்கே எந்த அசைவும் இல்லை. அசைகிற இடமும் அசையாத இடமும் சந்திக்கிற கோட்டில் இழுவிசை குவிகிறது. ப்ரோப் எப்போதோ கீழே விழுந்து அடி பட்டிருக்கலாம், ஆனால் பிளவு போக வழி தேடியது அந்தக் கோட்டில்தான். ஹாட் ஒயர் இருந்த துண்டு மட்டும் வேலை செய்தது. மற்ற துண்டு ஒயர் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது.

புதுக் கிரிஸ்டல் போட வேண்டும் என்று ஆனபிறகு, எலெக்ட்ரோடை எப்படி அமைப்பது என்பதுதான் கேள்வி. பழைய மாதிரியே வாங்கி மாட்டிவிடலாம். ஆனால் 10 மி.மீ. வட்டத்தில் 2 மி.மீ. ஆழத்துக்கு நாக்கு, அப்புறம் அரை மி.மீ. இடைவெளி என்றால் போகும் பரப்பைப் போட்டுப் பாருங்கள். 19.5 சதவீதம், கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. அதுவும் ஒரே ஓரத்தில் போகிறது. பீம் வட்டமாக இருக்காது. நாக்கு இருக்கும் திசையில் ஒருமாதிரி, குறுக்கே ஒருமாதிரி விரியும். தடிமன் மட்டும் பார்ப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. வெல்டில் குறை தேடுபவருக்கு ப்ரோப்பை எந்தப் பக்கம் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து எக்கோ மாறும்.

இரண்டாவது வழி, முன் வெள்ளியை விளிம்பு முழுக்கச் சுற்றி ஏற்றிப் பின்முகத்தில் ஒரு வளையமாக முடிப்பது. நடுவில் ஹாட் வட்டம். இதைக் கையில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஹ்யூமிடிஃபையருக்கு விற்கும் 20 மி.மீ., 1.7 மெகாஹெர்ட்ஸ் தட்டு ஒன்றை வாங்குங்கள். ஒரு பக்கம் முழு வெள்ளி, மறுபக்கம் ஓரத்தில் வளையம், ஒரு வெற்றுக் கோடு, நடுவில் சிறிய வட்டம். எலெக்ட்ரோடு வடிவமைப்பு பற்றி யாருக்காவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் நான் முதலில் அதைத்தான் மேஜையில் வைப்பேன். பீம் நல்ல வட்டமாக வரும். விளிம்பு அசையாததால் அங்கே பிடித்து மாட்டவும் வசதி. ஆனால் 20 மி.மீ. தட்டுக்குக் கட்டுப்படியாகிற இந்த அமைப்பு 10 மி.மீ. தட்டைத் தின்றுவிடும். 1 மி.மீ. வளையமும் அரை மி.மீ. இடைவெளியும் போனால் மிஞ்சுவது 7 மி.மீ. வட்டம், பாதிக்கும் குறைவான பரப்பு. அப்படிச் செய்துவிட்டு உடம்பில் 10 மி.மீ. என்று எழுதுவது ஏமாற்று.

மூன்றாவது வழியைத்தான் எடுத்துக்கொண்டேன். முன் வெள்ளியைப் பின்னுக்குக் கொண்டுவரவே வேண்டாம். கிரிஸ்டலைச் சுற்றி ஒரு பித்தளை வளையம். முன்முகத்தின் விளிம்பிலிருந்து பக்கச்சுவர் வழியாக வளையம் வரை சில்வர் எபாக்ஸி. வளையம்தான் எர்த். பின்முகத்தில் வெள்ளியை விளிம்பிலிருந்து சுற்றிலும் அரை மி.மீ. சுரண்டி எடுத்துவிட்டால் எபாக்ஸிக்கும் ஹாட்டுக்கும் ஷார்ட் ஆகாது. மிஞ்சுவது 9 மி.மீ. வட்டம், 81 சதவீதப் பரப்பு. நாக்கு அமைப்பும் ஏறக்குறைய இதே அளவைத்தான் மிச்சம் வைக்கிறது. ஒரே இழப்பு, ஆனால் இங்கே அது சுற்றிலும் சமமாகப் பகிரப்படுகிறது. வேலை அதிகம், அவ்வளவுதான். தொழிற்சாலை இதைச் செய்யத் தயங்குவது நியாயம். ஒற்றை ப்ரோப்பை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தத் தயக்கம் எதற்கு?

பித்தளை வளையத்துக்கும் சின்ன ஜிக் ஒன்றுக்கும் வியாசர்பாடியில் வழக்கமாகப் போகும் லேத் பட்டறைக்குப் போனேன். கிரிஸ்டலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த டர்னர், "இன்னாக்கா இது, மாத்திர மாதிரி கீது. இதுக்கா இவ்ளோ அலப்பற?" என்றார். ஜிக் என்பது ஒரு மூடி: கிரிஸ்டல் ஆடாமல் உட்கார 10.05 மி.மீ. குழி, அதே மையத்தில் 9 மி.மீ. துளை. பாயின்ட் பூஜ்யம் ஐந்து எதற்கு என்று கேட்டவர், ஓரம் எவ்வளவு என்று சொன்னதும் வாயை மூடிக்கொண்டு மைக்ரோமீட்டரை எடுத்தார். அரை மி.மீ. ஓரத்தில் மையம் கால் மி.மீ. தள்ளினால் ஒரு பக்கம் முக்கால், மறுபக்கம் கால் என்று ஆகிவிடும். பழைய கேஸின் உள்ளே மிஞ்சியிருந்த டங்ஸ்டன் எபாக்ஸியையும் அவரே குடைந்து கொடுத்தார். டூல் முனை போச்சு என்று சொல்லிச் சொல்லியே செய்தார். அதற்கும் சேர்த்துத்தான் காசு.

ஜிக்கின் துளை வழியாக வெள்ளியின் மேல் நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. காய்ந்ததும் கிரிஸ்டலைக் கண்ணாடித் தட்டில் மெழுகு வைத்து ஒட்டி, ரப்பர் நுனியில் 1200 எமரித் தாள் சுற்றித் தண்ணீர் விட்டு விளிம்பை மட்டும் தேய்த்தேன். வெள்ளி 10 மைக்ரான் சுமார்தான், சீக்கிரம் போய்விடும். வெண்மை மங்கி, கீழிருந்து பீங்கானின் மங்கலான மஞ்சள் எட்டிப் பார்க்கும்போது நிறுத்த வேண்டும். உலர்ந்த தேய்ப்பு வேண்டவே வேண்டாம். பி.இசட்.டி. என்றால் அதில் ஈயம் இருக்கிறது, அந்தத் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தனியே கட்டிப் போடுவது என் வழக்கம். நைட்ரிக் அமிலம் இந்த வேலையை ஒரு நொடியில் செய்யும். சவுகார்பேட்டையில் நகை வேலை செய்பவர்களிடம் கிடைக்கும்தான். ஆனால் அது பீங்கானையும் கடிக்கும், நெயில் பாலிஷுக்கு அடியிலும் நுழையும்.

தேய்ப்பதற்கு முன் தட்டு 2.8 நானோஃபாரட் காட்டியது. 81 சதவீதம் என்றால் 2.27 வர வேண்டும். தேய்த்தபின் 2.3. விளிம்பைத் தாண்டி மின்புலம் கொஞ்சம் வழியும் என்பதால் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாக வருவது இயல்பு. கெப்பாசிட்டன்ஸ் பரப்பைச் சொல்லும், மையத்தைச் சொல்லாது. மையத்துக்கு லூப் எனும் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால்தான் உண்டு.

அடுத்து, எந்த முகம் முன்னால்? இரண்டும் வெள்ளைதான், ஆனால் சமம் இல்லை. தட்டில் ஒரு புள்ளி இருக்கும், அது போலிங்கின், அதாவது தயாரிக்கும்போது பீங்கானுக்கு மின்துருவம் ஏற்றியதன், பிளஸ் முகம். புள்ளி அழிந்திருந்தால் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ரப்பர் முனையால் மெதுவாக அழுத்துங்கள். அழுத்தும் நொடியில் பிளஸ் காட்டும் முகம்தான் பிளஸ். ப்ரோப்பை மாட்டும் ஃப்ளா டிடெக்டர் மெஷின் பெரும்பாலும் ஹாட் ஒயரில் மைனஸ் பல்ஸ் அனுப்பும், சில நூறு வோல்ட். 400 வோல்ட் என்று வையுங்கள், 0.4 மி.மீ. பீங்கானில் அது ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் வோல்ட். மென்ரகப் பீங்கானில் போலிங்குக்கு எதிர்த்திசையில் இவ்வளவு விழுந்துகொண்டே இருந்தால் துருவம் மெல்லத் தேயும். அதனால் மைனஸ் முகத்தை ஹாட்டாக்கிப் பின்னால் வைத்து, பிளஸ் முகத்தை எர்த்தாக்கி முன்னால் வைத்தேன். முன்முகம் எர்த்தாக இருப்பது வேறு காரணத்துக்கும் நல்லது. யார்டில் வெல்டிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது இரைச்சல் உள்ளே வராது, வேலை செய்பவர் கையிலும் ஷாக் அடிக்காது.

ஹாட் ஒயர் ஒட்டுவது சின்ன வேலை, கெடுப்பதற்கு வாய்ப்பு பெரிது. சால்டரைத்தான் இங்கே ஈயம் என்கிறேன். சாதா 60/40 ஈயம் உருகி நிற்கும்போது அதிலுள்ள டின் வெள்ளியைக் கரைத்துக் குடித்துவிடும். கொஞ்ச நேரம் கூடுதலாக அயனை வைத்தால் ஈயம் உருண்டு எழும், கீழே பீங்கான் தெரியும். 2 சதவீதம் வெள்ளி கலந்த 62/36/2 ஈயம் ஏற்கெனவே வயிறு நிறைந்தது, அவ்வளவு தின்னாது. அது உருகுவது 179 டிகிரியில். மென்ரகத்திலேயே ஒன்றுக்கு க்யூரி வெப்பம், அதாவது பீங்கானின் துருவமே போய்விடும் வெப்பம், 350-ஐ ஒட்டி, இன்னொன்றுக்கு 200-க்கும் கீழே. இரண்டாவது ரகமாக இருந்தால் ஈயத்தைத் தொடவே வேண்டாம், சில்வர் எபாக்ஸிதான். என்னுடையது முதல் ரகம். அயனைத் தொட்டதும் எடுத்துவிட்டேன். ஈயத் துளி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. ஈயத்தில் 5 மெகாஹெர்ட்ஸின் அலைநீளமே அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அதனால் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் உருண்டை தானே தனியாக அதிர ஆரம்பித்துவிடும். துளியை நடுவில் வைக்காமல் ஓரத்துக்கு அருகில் வைத்தேன்.

சில்வர் எபாக்ஸியைப் பக்கச்சுவர் முழுக்கப் பூசி, முன்முகத்தின் விளிம்பில் இழையளவு மட்டும் ஏற்றி, கெட்டியானதும் கண்ணாடி மேல் எமரியை விரித்து மட்டமாகத் தேய்த்தேன். இந்த இணைப்பின் மின்தடையை அவசியம் பார்க்க வேண்டும். 2.3 நானோஃபாரட் என்பது 5 மெகாஹெர்ட்ஸில் வெறும் 14 ஓம். அங்கே எபாக்ஸியில் இரண்டு மூன்று ஓம் உட்கார்ந்தால் பல்ஸில் ஒரு பகுதி சூடாகவே போய்விடும். டிசி மீட்டரில் "தொடர்ச்சி இருக்கிறது" என்று பீப் அடிப்பது இங்கே போதாது. எனக்கு மீட்டர் லீடைக் கழித்து 0.1 ஓம் வந்தது. சில்வர் பெயின்ட் என்று மலிவாக விற்பதை இந்த இடத்தில் பயன்படுத்தாதீர்கள், கெட்டியானபின் எத்தனை ஓம் வரும் என்று சொல்லவே முடியாது.

வெள்ளியின் தடிமன் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்து 10 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப் ஒன்று வரிசையில் நிற்கிறது. இரண்டு முகத்திலும் 10 மைக்ரான் என்றால் 0.4 மி.மீ. தட்டின் எடையில் வெள்ளி மட்டும் கிட்டத்தட்ட 7 சதவீதம் சேர்க்கிறது. அதிர்வெண்ணும் அதே அளவு இறங்கும். தயாரிப்பவர் பீங்கானை அதற்கேற்பத் தேய்த்துக் கொடுத்திருப்பார், நமக்குத் தெரியாது. 10 மெகாஹெர்ட்ஸில் பீங்கான் பாதியாகும், வெள்ளி அப்படியே இருக்கும், அப்போது 14 சதவீதம். அதனால்தான் மேலே போகப் போகச் சுட்டெடுத்த வெள்ளியை விட்டு ஸ்பட்டர் செய்த தங்கத்துக்குப் போகிறார்கள். அது மைக்ரானில் பத்தில் ஒன்று இருந்தாலே போதும். ஆனால் அதில் ஈயம் வைத்தால் பூச்சே காணாமல் போகும்.

பேக்கிங் ஊற்றும் முன் ஒரு வேலை இருக்கிறது. டங்ஸ்டன் தூளை அரால்டைட்டில் நிறையக் கலந்தால் தூள்கள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரம் கடத்தும். அப்படியே ஊற்றினால் கஷ்டப்பட்டு உண்டாக்கிய அரை மில்லிமீட்டர் ஓரத்தை அது பாலம் போட்டு மூடிவிடும். அதனால் முதலில் அந்த ஓரத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, ஃப்ளக்ஸ் மிச்சமில்லாமல் பார்த்து, வெறும் அரால்டைட்டை மெல்லிசாகப் பூசி உலரவிட்டேன். நம் ஊர்க் காற்றுக்கு இது இன்னும் முக்கியம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்பும் ஈரமும் எந்த இடுக்கிலும் நுழையும். ஈரமும் வோல்டேஜும் சேர்ந்தால் வெள்ளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழை இழையாக நகர்ந்து பாலம் கட்டும். மேஜை டிராயரில் திறந்து வைத்த தட்டுகளே சில மாதத்தில் கறுத்துப்போகின்றன. கறுத்ததை ரப்பரால் தேய்த்துவிட்டுத்தான் ஒயர் வைக்க வேண்டும்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை. பேக்கிங் கெட்டியானதும் அலுமினா வியர் பிளேட்டைக் காற்றுக்குமிழி இல்லாமல் மெல்லிய எபாக்ஸியில் ஒட்டி, எடை வைத்து அழுத்தி விட்டேன்.

வி1 பிளாக்கில் அதே 25 மி.மீ., அதே 80 சதவீதம்: 36 டெசிபல். முதலில் ஒப்பிட்ட நல்ல ப்ரோப்பைவிட 2 டெசிபல் கூடுதல், என் பேக்கிங் கொஞ்சம் கனமாகிவிட்டது என்று நினைக்கிறேன். அதன் பலனாக எக்கோவுக்குப் பின்னால் வால் குறைவு. 1.5 மி.மீ. துளையில் கால்வட்டம் கால்வட்டமாகத் திருப்பித் திருப்பிப் போட்ட பென்சில் கோடுகள் ஒரே இடத்தில் விழுந்தன. உச்சியின் உயரமும் எந்தத் திசையிலும் 1 டெசிபலுக்கு மேல் ஆடவில்லை. என்னிடம் இருக்கும் நாக்கு வைத்த நல்ல ப்ரோப்பைச் சுற்றிப் பார்த்தால் 3 டெசிபல் ஆடுகிறது. அது பழுதில்லாத ப்ரோப்தான். அதன் அமைப்பே அப்படி.

தம்பி வாங்க வந்தபோது உடம்பில் நான் கீறியிருந்ததைப் பார்த்து "இது என்னக்கா, 9 மி.மீ.னு போட்டிருக்கீங்க? 10 தானே?" என்று கேட்டார். குறை அளவு போடும் சார்ட்டில் இனி 9 என்றே வைத்துக்கொள்ளச் சொன்னேன். பக்கத்திலேயே 2.3 நானோ என்றும் கீறியிருக்கிறேன். அடுத்த முறை எக்கோ குறைந்தால் முதலில் மீட்டரை வைத்து அந்த எண் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் என்னிடம் கொண்டு வந்தால் போதும்.